பிரேக் போட்டால் சந்தன வாசனை

சைக்கிளுக்குப் பொட்டு வைக்க இடம் போதாது.

காருக்கு நெற்றி இருக்கிறது. ஸ்கூட்டருக்கு அகலமான மார்பு இருக்கிறது. என்னுடைய டூரிங் சைக்கிளுக்கு இரண்டும் இல்லை, உடம்பெல்லாம் குழாய். ஆயுத பூஜை அன்று காலை, சிட்லபாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில், ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் இன்னொரு கையில் குங்குமச் சிமிழுமாக நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஹேண்டில்பாரில் கறுப்புப் பட்டை சுற்றியிருந்தது, சந்தனம் ஒட்டவில்லை. குழாயில் வைத்தால் வழிந்து அடியில் போய்த் தொங்கியது. பக்கத்தில் எல்லாருடைய கார்களும் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி மாலையும் பொட்டுமாக நின்றன. என் வண்டி, பந்தியில் இடம் கிடைக்காத ஒன்றுவிட்ட உறவு மாதிரி, தூணில் சாய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ரிம் கண்ணில் பட்டது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் வட்டமாக, தட்டையாக, வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. இவ்வளவு நல்ல இடத்தை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. இரண்டு சக்கரங்களையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய பனியனால் தேய்த்தேன். முகம் தெரிந்தது. பிறகு பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரல் நிறைய எடுத்து வரிசையாகப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம் அப்பினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வளையம். படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டேன். கும்பிடு கும்பிடாக வந்து விழுந்தது.

என் வண்டியில் பிரேக் கட்டைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டையைத்தான். இப்போது இதை ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. அன்று தோன்றவில்லை.

அடுத்து எலுமிச்சம்பழம். கார் ஏறினால் எலுமிச்சம்பழம் நசுங்கும். சைக்கிள் ஏறினால் எலுமிச்சம்பழம் நகரும். என்னுடையது உருண்டு கீழ் வீட்டுக்காரர் காருக்கு அடியில் போனது. எடுத்து வந்து வைத்தேன். மறுபடியும் போனது. கீழ் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். குனிந்து பழத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "வெயிட் பத்தலை சார்" என்றார். வண்டியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. கடைசியில் செருப்புக் காலால் மிதித்து நசுக்கினேன். திருஷ்டி கழிந்ததாக இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம்.

இனி என் மனைவியைச் சொல்ல வேண்டும். அவள் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். ஐம்பதை நெருங்கும்போது, இந்த வருஷம்தான் சைக்கிள் கற்றுக்கொண்டாள். ஏன் திடீரென்று என்று கேட்டதற்கு, "உங்க பைக் பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து போய்ப் போய், நான் பாத்த எல்லா ஊரையும் இடது பக்கம் மட்டும்தாங்க பாத்திருக்கேன்" என்றாள். கோடை விடுமுறை முழுக்க ஒரு காலி மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். விழுந்தாள், எழுந்தாள், என்னைத் திட்டினாள். எல்லாம் முறைப்படி நடந்தது. அடுத்து ரோடு. ரோட்டில் பழகியதும் கடல். வீட்டிலிருந்து கோவளம் வரை சைக்கிளில் போக வேண்டும், மழைக்காலம் தொடங்குவதற்குள். எங்கள் பகுதியில் மழை தொடங்கிவிட்டால் சைக்கிள் வேலைக்கு ஆகாது, படகுதான். அதற்குப் பிறகு பொங்கல், பரீட்சை, வெயில். ஒரு வருஷம் போய்விடும். அந்த வயதில் புதிதாக வந்த தைரியத்தை ஒரு வருஷம் சும்மா வைத்தால் உளுத்துவிடும் என்று அவளுக்கே பயம் இருந்தது. அதனால் ஸ்டாஃப் ரூமில் முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். டீச்சர்கள் ஸ்டாஃப் ரூமில் சொன்ன சொல்லை மீறுவதில்லை.

புதிதாக எதையும் தொடங்க விஜயதசமி நல்ல நாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சைக்கிளை ரோட்டுக்கு எடுத்தாள். நான் முன்னால், அவள் பின்னால். ஏரிக்கரை திருப்பத்தில் நான் பிரேக் போட்டேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவரப் பார்க்கிறேன். ஒரு மயிலைக் கட்டிப்போட்டு வருமான வரி விவரம் கேட்டால் ஒரு சத்தம் போடுமே, அது. ஏரிக்கரையில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். கருவேல மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து, கழுத்தை மேலே தூக்கி, அதே சுருதியில் பதில் சொன்னது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி ஒரு காலை ஊன்றி எனக்குப் பின்னால் சரியான இடைவெளியில் அழகாக நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா நிறுத்தினே" என்றேன்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலை. வண்டிக்கு."

தினமும் காலையில் போனோம். தினமும் மயில் கத்தியது. ஒவ்வொரு முறையும் அவள் அழகாக நின்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் தேறிவிட்டதில் எனக்குப் பெருமை. சத்தம் மட்டும்தான் உறுத்தியது. பிரேக் கத்துகிறது என்றால் ஏதோ சொல்ல வருகிறது. என்ன சொல்கிறது என்று தெரியாதபோது எனக்கு எப்போதும் ஒரே அர்த்தம்தான் தோன்றும்: முடிந்தது.

என்னதான் என்று பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் மாலை தனியாக மேடவாக்கம் மேம்பாலத்துக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் சரிவு வேண்டுமென்றால் மேம்பாலம்தான். ஏறும்போது பிரச்சினை இல்லை; என் வேகத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்ததும் முன் பிரேக்கை அழுத்தினேன். மயில் கத்தியது. அது பழகிய விஷயம். கூடவே ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கியது. சாதாரண நடுக்கம் இல்லை. தடக், தடக், தடக் என்று சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு பிடி, ஒரு விடுதல், ஒரு பிடி. குளிர் ஜுரக்காரன் மாதிரி முன்பக்கம் முழுக்க உதறியது. உதறிய உதறலில் மணி தானாக அடித்தது. நான் தொடவே இல்லை. கிணிங் கிணிங் என்று தன்பாட்டில் அடித்துக்கொண்டே வந்தது. கீழே மயில், முன்னால் மணி, மேலே நான். ஒரு ஆட்டோ ஒதுங்கி வழி விட்டது. சென்னையில் ஆட்டோ வழி விட்டு நான் பார்த்ததில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று அதில்தான் எனக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் சந்தன வாசனை வந்தது.

பளிச்சென்று, நல்ல சந்தனம், லேசான பன்னீரோடு. மேம்பாலத்தின் நடுவில், மாலை நெரிசலில், டீசல் புகைக்கு மேலே. ஒரு சராசரி அறிவுள்ளவன் இதை ஒரு தடயமாக எடுத்துக்கொண்டிருப்பான். நான் ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டேன். எனக்கு உடனே தெரிந்தது சுவரொட்டிதான். கண்ணீர் அஞ்சலி என்று மேலே பெரிதாகப் போட்டு, தாம்பரம் பஸ் ஸ்டாண்டு சுவரில் என் முகம். எந்தப் படத்தைப் போடுவார்கள்? சமீபத்தில் எடுத்ததில் ஒழுங்காக இருப்பது ஹெல்மெட்டோடு இருப்பது ஒன்றுதான். ஹெல்மெட் போட்டும் போய்விட்டானே என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். இவ்வளவும் யோசித்து முடித்தபோது பாலம் முடிந்து நான் நின்றிருந்தேன். வண்டி தானாக நின்றிருந்தது. மணி மட்டும் கடைசியாக ஒருமுறை கிணிங் என்றது.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். மனைவி கேட்டதற்கு, உடம்புக்கு நடை நல்லது என்றேன்.

மறுநாள் சேலையூர் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். பஞ்சர் தொட்டி, காற்றடிக்கும் மெஷின், மேலே தொங்கும் டயர்கள் என்று எல்லாம் சரியாக இருந்தது. கடைக்காரர் என் வயதுக்காரர். வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் வண்டி இது?"

"டூரிங் சைக்கிள்ண்ணா. லாங் டூர் போறதுக்கு."

"டூருக்கு பஸ்ஸு கீது சார்."

நான் நடந்ததைச் சொன்னேன். மயிலைச் சொன்னேன், மணியைச் சொன்னேன். சந்தனத்தைச் சொல்லவில்லை, மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறார், கெடுப்பானேன்.

"சத்தம் வருது, அவ்ளோதானே? இதுக்குப் போயி பேஜாராவற."

ஸ்பேனரை எடுத்து, பிரேக் கம்பியில் இரண்டு திருகு திருகினார். சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கைப் பிடித்துக் காட்டினார். சத்தமே இல்லை. எனக்குக் கண் கலங்கியது. ஏறி, கடை வாசலிலிருந்து பக்கத்து இளநீர் வண்டி வரை ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கைப் பிடித்தேன். சத்தம் இல்லை. வண்டியும் நிற்கவில்லை. இளநீர்க்காரர் ஒரு குலையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார். காலைத் தரையில் தேய்த்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அண்ணா, பிரேக்கே பிடிக்கலையே."

"கட்டைய நவுத்தி வுட்டுட்டேன். ரிம்மைத் தொட்டாத்தானே கத்தும்?"

"தொட்டாத்தானேண்ணா நிக்கும்?"

"சத்தம் வேணாம்னு சொன்ன, பண்ணிக் குடுத்தேன். பிரேக்கு வோணும்னு சொன்னியா சார் நீ?"

சொல்லவில்லைதான். பழையபடி இறுக்கித் தரச் சொன்னேன். இறுக்கித் தந்துவிட்டு, இதெல்லாம் பழைய மாடல், டிஸ்க் பிரேக் வண்டியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். டிஸ்க் வண்டியும் கத்துமா என்று கேட்டேன். "அது வேற மாறி கத்தும்" என்றார்.

இனி நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இணையத்தில் வீடியோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரர், சுத்தமான கொட்டகையில், சுத்தமான கையோடு, சிரித்துக்கொண்டே பிரேக்கைச் சரிசெய்கிறார். அவர் சொன்னதன் சாரம் இது. பிரேக் கட்டை ரிம்மில் ஒரே சமயத்தில் முழுசாகப் போய் உட்காரக் கூடாது. முன்முனை முதலில் தொட வேண்டும், பின்முனை ஒரு மயிரிழை பின்னால் வர வேண்டும். நம் வீட்டுக்கு வரும் கல்யாணப் பெண் மாதிரி. ஒரு காலை முதலில் வைத்து, அப்புறம் இன்னொரு காலை வைக்க வேண்டும். இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தால் சத்தம் வரத்தான் செய்யும். இதற்குக் கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு தடித்த அட்டையைச் சொருகிவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி திருகாணியை இறுக்க வேண்டும்.

தடித்த அட்டை என்று தேடியதில், டிவிக்குப் பக்கத்தில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. நல்ல கனம். கத்தரித்துச் சொருகினேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மனைவி பார்க்கிங்கிலேயே என்னைப் பிடித்துவிட்டாள்.

"டிவிகிட்ட என் சித்தி பொண்ணு கல்யாணப் பத்திரிகை வெச்சிருந்தேன், பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மண்டபம் எங்கன்னு அதுலதான் இருக்கு. எங்க அது?"

நான் முன் சக்கரத்துக்கு அருகில் குனிந்து, பிரேக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டைப் படித்தேன். "பல்லாவரம்னு போட்டிருக்கு. எந்தத் தெருங்கிறது கட்டைக்கு உள்ள இருக்கு."

அவள் பையை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு நின்றாள். வகுப்பில் பேச்சு அடங்கும் வரை காத்திருக்கும் தோரணை அது. பிறகு வந்த திட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

பத்திரிகையைப் பலி கொடுத்தும் மயில் போகவில்லை. குரல் கொஞ்சம் கம்மியது. கட்டையில் பெண் வலது காலை வைத்தாள்தான், ஆனாலும் உதறல் அப்படியே இருந்தது. வெள்ளைக்காரர் சொன்ன அடுத்த சோதனையைச் செய்தேன். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஹேண்டில்பாரின் கழுத்தில் லொடலொடப்பு தெரிந்தால் அங்கே தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆட்டினேன். ஏதோ லொடலொடத்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கே விரிசல் விட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். கேளம்பாக்கம் ரோட்டில், டிப்பர் லாரிக்கு முன்னால், ஃபோர்க் இரண்டாகப் பிளந்து நான் ஒரு திசையிலும் முன் சக்கரம் ஒரு திசையிலும் போவதைப் பார்த்தேன். சக்கரம் என்னை விட நல்ல திசையில் போனது. பத்து நிமிஷம் வேர்த்த பிறகு, லொடலொடத்தது தண்ணீர் பாட்டில் என்று தெரிந்தது.

சனிக்கிழமை காலை. மறுநாள் கோவளம். நான் பார்க்கிங்குக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்: "நாளைக்கு வேணாம். பிரேக் சரியில்லை. அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம் மழை பிடிச்சிக்கும்."

"அப்ப ஜனவரியில."

அவள் தன் சைக்கிளின் டயரை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் பேசுவாள். பேசவில்லை என்றால் அது கோபம் இல்லை, வேறு. எனக்கு அது தாங்காது.

"சும்மா சொல்லலை. நீயே பார்" என்று வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் வேகமாகச் சுற்றி, பின் பிரேக்கை அழுத்தினேன். மயில். மறுபடியும் சுற்றினேன். மயில். கட்டை சூடாகும் வரை சுற்றிச் சுற்றிப் பிடித்துக் காட்டினேன். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கும் உற்சாகம் எனக்கு.

அவள் மூக்கைச் சுளித்தாள். "என்னங்க, பூஜை ரூம் வாசனை வருது?"

"உனக்கும் வருதா?" என்றேன். இந்தக் கேள்வியில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அவளுக்குத் தெரியாது. சாகப்போகிறவனுக்கு மட்டும் வரும் வாசனை என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் குனிந்து, துப்பட்டா நுனியால் ரிம்மை ஒரு துடை துடைத்தாள். துணியில் கறுப்பு மசி. மசிக்குள் மஞ்சள். மஞ்சளுக்குள் சிவப்பு. மூக்கருகில் கொண்டுபோனாள். பிறகு என் மூக்கருகில் கொண்டுவந்தாள்.

"பூஜை அன்னிக்கு இதுக்கு எங்க பொட்டு வெச்சீங்க?"

"வேற இடமே இல்லை."

"பளபளன்னு வேற இருக்கே. என்ன போட்டீங்க?"

"தேங்காய் எண்ணெய்."

"பிரேக் பிடிக்கிற எடத்துல."

"எண்ணெய் வெச்சுக் குளிப்பாட்டணும்னு தோணிச்சு."

அவள் நிமிர்ந்து, பார்க்கிங்கில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். "நான் பிசிக்ஸ் டீச்சர்ங்கிறதை வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சாதாரண வேலைதான். எண்ணெயில் குழைந்து காய்ந்த சந்தனமும் குங்குமமும் பொட்டுப் பொட்டாக ரிம்மில் ஒட்டியிருந்தன. அந்த இடம் வரும்போதெல்லாம் கட்டை கவ்வியது; தாண்டியதும் எண்ணெயில் வழுக்கியது. அதுதான் தடக் தடக். மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கிவந்து, பஞ்சில் நனைத்து, ரிம்மைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும் வரை துடைத்தேன். கட்டைகளைக் கழற்றினால் அவற்றின் முகம் கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது. அங்கங்கே மணலும் அலுமினியப் பொடியும் பதிந்திருந்தன. ஊக்கு முனையால் அவற்றைத் தோண்டி எடுத்துவிட்டு, உப்புத்தாளைத் தரையில் விரித்து, முகம் சொரசொரப்பாகும் வரை கட்டைகளைத் தேய்த்தேன். மிச்சம் இருந்த பல்லாவரத்தைச் சொருகி மறுபடியும் மாட்டினேன்.

கீழ் வீட்டு ரயில்வேக்காரர் வந்து நின்று பார்த்தார். "ரயிலுக்கும் பிரேக் கட்டை உண்டு சார். நாங்க பூஜை போடறப்ப எஞ்சின் மூஞ்சிக்கு மட்டும்தான் பொட்டு வைப்போம்" என்றார். இதை ஆயுத பூஜை அன்று, எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்த கையோடு சொல்லியிருக்கலாம்.

ஓட்டிப் பார்த்தேன். பார்க்கிங் வாசலில் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. சத்தம் இல்லை, உதறல் இல்லை, மணி இல்லை. வண்டி சும்மா நின்றது.

எனக்கு வந்திருக்க வேண்டியது சந்தோஷம். வரவில்லை.

"அப்ப நாளைக்குப் போறோம்" என்றாள் மனைவி.

"மழை வரும் போல இருக்கு."

"மேல பாருங்க. ஒரு மேகம் இல்லை."

"மாம்பாக்கம் தாண்டினா லாரி ஜாஸ்தி."

"லாரி தினமும்தான் போகுது." அவள் என்னையே பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க. பிரேக் சரியானதுல உங்களுக்கு வருத்தமா?"

நான் உப்புத்தாளை மடித்தேன். பிரித்தேன். மறுபடியும் மடித்தேன்.

"முன்னாடி போறவனுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது" என்றேன். "திரும்பிப் பாத்தா நான் விழுவேன். பாக்கலைன்னா நீ விழுந்தது எனக்குத் தெரியாது. ஏரியைச் சுத்துறது வேற. அது வேற ரோடு."

இத்தனை நாளும் ஃபோர்க்கும் கழுத்தும் கட்டையுமாக நான் பயந்ததெல்லாம் இதைச் சுற்றித்தான் என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"விழுந்தா கத்துவேன்" என்றாள். "கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கிற குரல். உங்களுக்குக் கேக்காம போகாது. போய்த் தண்ணி பாட்டிலை ரொப்புங்க."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பினோம். ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பொன்மார். நான் முன்னால், அவள் பின்னால். பிரேக்கை வெண்ணெய் மாதிரி பிடித்தேன், விட்டேன், பிடித்தேன். தேவையில்லாத இடத்திலும் பிடித்தேன். அந்த அமைதி அப்படி இருந்தது. மாம்பாக்கம் கூட்டு ரோட்டில் ஒரு பசு குறுக்கே வந்தது. நான் அலுங்காமல் நிறுத்தினேன். இவ்வளவு நயமாக ஒருவன் நிறுத்துவதை அந்தப் பசுவாவது பாராட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்து என் மட்கார்டில் மோதியது.

அவள் விழவில்லை. காலை ஊன்றிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அடுத்த நொடி சிவந்தது.

"ஏங்க சத்தம் போடாம நிக்கிறீங்க?"

"சத்தம் வரக் கூடாதுன்னுதானே நேத்து முழுக்க..."

"ரோட்டுக்கு வந்த நாள்லேர்ந்து உங்க பிரேக் கத்தும், நான் பிரேக் போடுவேன். அப்படித்தான் பழகியிருக்கேன். இப்ப நீங்க பாட்டுக்கு கம்முனு நின்னா?"

"முன்னாடி பாத்து ஓட்டணும்மா."

"உங்க பின் டயரைத்தான் பாத்துட்டு வரேன். அது ஓடுதா நிக்குதான்னு பாத்தா தெரியாது. கேட்டாத்தான் தெரியும்."

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நான் பெருமைப்பட்ட அத்தனை அழகான நிறுத்தங்களும் அந்த மயிலுடையவை. நான் அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டேன். அங்கே கூட்டு ரோட்டில் நின்று ஒரு கணம், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கிடைக்குமா என்று நிஜமாகவே சுற்றிப் பார்த்தேன்.

வேறு வழி இல்லை. நானே கத்துவது என்று தீர்மானமானது. மாம்பாக்கத்திலிருந்து பிரேக்கைத் தொடும் முன்பெல்லாம் "பிரேக்!" என்று உரக்கச் சத்தம் போட்டேன். வேகத்தடைக்கு முன்னால் "பிரேக்!" பள்ளத்துக்கு முன்னால் "பிரேக்!" எனக்கு முன்னால் பைக்கில் போன ஒருவர் பதறிப்போய்த் தன் பிரேக்கைப் போட்டார். டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். கேளம்பாக்கம் சிக்னலில் நான் போட்ட சத்தத்துக்கு, பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோ டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், வாயிலயே பிரேக்கா?"

ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவளுக்காவது பயம் போய்விட்டது என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. சிக்னல் பச்சை ஆனதும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே, "மானம் போகுது. நான் முன்னாடி போறேன். நீங்க கண்ணை வெச்சு நிறுத்துவீங்கல்ல?" என்றாள்.

அப்படியாக, கோவளத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கும்போது, என் மனைவி எனக்கு முன்னால் போனாள். வலதும் இடதும் உப்பங்கழி, காலை வெயில், எதிர்க்காற்று. நன்றாகத்தான் ஓட்டினாள். முதுகு நேராக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே போயிருக்க வேண்டும். ஆனால் எதிரில் ஒரு லாரி வந்தால் என் விரல்கள் தாமாகப் பிரேக்கை அழுத்தின. அவளுக்கு முன்னால் ஒரு பஸ் ஒதுங்கி நின்றால் அழுத்தின. ஒரு ஆடு ரோட்டோரம் தலையைத் தூக்கினால் அழுத்தின. நான் பிடித்தால் அவள் வண்டி நிற்கும் என்று விரல்களுக்கு யாரோ சொல்லி வைத்த மாதிரி. நின்றதெல்லாம் என் வண்டிதான். துல்லியமாக, சத்தமில்லாமல், உதறலில்லாமல் நின்றது. அவள் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தாள். நான் நின்று, மிதித்து, நின்று, மிதித்துப் போவதற்குள் அவள் ஒரு புள்ளியாகி, திருப்பத்தில் அந்தப் புள்ளியும் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது, அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மணலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கால் நனைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டாஃப் ரூமுக்குப் படமும் அனுப்பியாகிவிட்டது. படத்தில் கடல் இருந்தது, அவள் இருந்தாள். நான் இல்லை.

"எவ்வளவு நேரமா ஆளைக் காணோம்" என்றாள். என்னைப் பார்த்தாள், என் சைக்கிளைப் பார்த்தாள்.

"பிரேக் நல்லாப் பிடிக்குது போல."